ஏழாம் எண் கட்டடம் வயலான கதை

கெங் பாவ்லின், சீனாவில் குய்யின் என்ற மாவட்டத்தின் திட்டமிடல் நிறுவனத்தில் சேர்ந்த காலத்தில் நகரத்தின் எதிர்காலம் கலர் பேனாவில் இருந்தது. வீட்டுக்கு மஞ்சள், கடைக்குச் சிவப்பு, ஆலைக்குப் பழுப்பு, பூங்காவுக்குப் பச்சை. எந்தப் பெட்டியை வாங்கினாலும் பச்சைப் பேனாதான் கடைசிவரை தீராமல் கிடக்கும். முப்பத்தோரு ஆண்டுகள் கழித்து, ஓய்வுக்கு இரண்டு வருடம் மிச்சமிருக்கும்போது, அவர் மேசையில் பேனாக்களுக்குப் பதிலாக ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அது பச்சையைத் தாராளமாக அள்ளி இறைக்கிறது. யாரைக் கேட்டு இறைக்கிறாய் என்று அதட்டினால் பதில் சொல்வதில்லை. இந்த ஒரு குணத்துக்காகவே கெங்குக்கு அதைப் பிடித்திருந்தது.

வேலை இதுதான். மாவட்டத்தை நூறு மீட்டர் சதுரக் கட்டங்களாக வெட்டினால் பதினெட்டாயிரத்துச் சொச்சம் கட்டங்கள் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் வீடா, கடையா, ஆலையா, மரமா, பயிரா என்று எழுதினால் அது ஒரு திட்டம். இப்படித் தாறுமாறாக இருநூறு திட்டங்களைப் போட்டுக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால், எதில் புகையும் கார்பனும் குறைவு, எதில் ஜனங்கள் வேலைக்குப் போக அதிக தூரம் அலைய வேண்டாம் என்று அது பார்க்கும். தேறுகிற திட்டங்களை ஜோடி சேர்த்து, இதில் பாதி அதில் பாதியாகப் பிள்ளை பெற வைக்கும். தேறாததைக் கழித்துவிடும். ஜாதகம் கிடையாது, மாமியார் கிடையாது, ஐந்நூறு தலைமுறை ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். கடைசித் தலைமுறையில் வருவதுதான் குறைந்த கார்பன் நகரம். மாகாணத்திலிருந்து "முன்மாதிரி மாவட்டம்" என்று பெயர் வந்துவிட்டதால் குய்யினுக்கு அப்படி ஒரு நகரம் அவசரமாகத் தேவைப்பட்டது.

ஆனால் வரைவை எல்லாத் துறைகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்பது வழக்கம். எல்லாத் துறைகளும் "கொள்கையளவில் ஆட்சேபணை இல்லை" என்று பதில் எழுதுவதும் வழக்கம். அதற்குக் கீழேதான் விஷயம் இருக்கும். சாராய ஆலையைத் தொட வேண்டாம். இசை நீரூற்றைத் தொட வேண்டாம். புதிய அரங்கத்தின் எண்ணாயிரம் கார் நிறுத்தும் இடத்தை, அங்கே இதுவரை எண்பது காருக்கு மேல் நின்றதில்லை என்றாலும், தொட வேண்டாம். ஒவ்வொரு கடிதத்துக்கும் கெங் அந்தந்தக் கட்டத்துக்கு ஒரு பூட்டு போடுவார். பூட்டிய கட்டத்தைக் கம்ப்யூட்டரால் மாற்ற முடியாது. ஒன்பது மாதத்தில் பதினேழாயிரத்து அறுநூறு கட்டங்கள் பூட்டப்பட்டன.

"உன் கம்ப்யூட்டர் சுதந்திரமா யோசிக்கட்டும், லாவ் கெங்," என்றார் இயக்குநர் யின். 'லாவ்' என்றால் பெரியவர்; யின் கெங்கைவிட வயதில் பதினைந்து வருடம் இளையவர், பதவியில் மூன்று படி மூத்தவர். "இதையெல்லாம் தொடாம யோசிக்கட்டும், அவ்வளவுதான்."

கெங் தலையாட்டினார். அவருடைய யோசனையெல்லாம் அப்போது ஒரு லிஃப்டைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் குடியிருந்தது பழைய பேரிங் தொழிற்சாலைக் குடியிருப்பில், ஏழாம் எண் கட்டடத்தில், ஆறாவது மாடியில். தொண்ணூற்று நான்கு படிகள். மனைவி சியூபிங் அந்தத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் இரும்புக் குண்டுகளைச் சோதித்தவள். எந்தக் குண்டு சுற்றாது என்று விரலாலேயே கண்டுபிடிப்பாள். இப்போது சுற்றாமல் போனவை அவளுடைய இரண்டு முழங்கால்கள். வாரத்துக்கு ஒருமுறை, ஆஸ்பத்திரிக்கு மட்டும் இறங்குவாள். கீழே சமூகக் கூடத்தில் பதினாறு வருடமாக அவள் உட்கார்ந்து, நாலு பேர் ஆடும் மாஜாங் காயாட்டம் ஆடிய நாற்காலியில் மூன்றாவது மாடிக்காரி உட்கார்ந்துவிட்டாள். "மூணாவது மாடி" என்று சொல்லும்போது சியூபிங் குரலில் இருந்த கசப்பு, மாவட்டத் தலைவரைப் பற்றிப் பேசும்போதுகூட இருந்ததில்லை.

பழைய கட்டடங்களுக்கு வெளிப்புறமாக லிஃப்ட் ஒட்டுவது அந்த ஆண்டு நகரம் முழுக்க நடந்தது. அதற்குப் படிக்கட்டைப் பங்கு போடும் பன்னிரண்டு வீடுகளும் கையெழுத்துப் போட வேண்டும். சட்டத்தில் அத்தனை பேர் தேவையில்லை என்று எழுதியிருந்தது. ஆனால் ஒருவர் முறைத்தால்கூடத் தெருக் கமிட்டி கோப்பைத் தூக்கி மூலையில் போட்டுவிடும் என்பது எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். கெங் பதினொரு கையெழுத்து வாங்கிவிட்டார். பன்னிரண்டாவது தரைத்தளத்து பாங் அக்கா.

பாங் அக்காவுக்கு அறுபத்தாறு வயது. லிஃப்டின் அஸ்திவாரம் வர வேண்டிய இடத்தில் அவள் வெங்காயத்தாளும் பூண்டும் போட்டிருந்தாள். அவள் மட்டும் என்று சொல்ல முடியாது. கட்டடத்துக்குப் பின்னால் தொழிற்சாலையின் ரயில் தடம் கைவிடப்பட்ட நாளிலிருந்து, குடியிருப்பே அங்கே இறங்கிப் பாத்தி கட்டிவிட்டது. இடம் போதாதவர்கள் மொட்டை மாடியில் தெர்மாகோல் பெட்டிகளில் மண் நிரப்பிக் கீரை போட்டார்கள். விவசாயம் வேண்டாம் என்று ஊரைவிட்டு ஓடிவந்து ஆலையில் சேர்ந்த தலைமுறை அது. ஓய்வு பெற்ற மறுநாள் காலை எல்லோரும் மண்வெட்டி வாங்கப் போனார்கள்.

"கெங் எஞ்சினியர், நான் தரையில இருக்கேன்," என்றாள் பாங் அக்கா. "எனக்கு எதுக்கு லிஃப்ட்? பாதாளத்துக்குப் போயிட்டு வரவா?"

"உங்களுக்கு இல்லைங்கக்கா. மேல இருக்கறவங்களுக்கு."

"என் சன்னல் வெளிச்சம் போயிரும்."

"கண்ணாடி லிஃப்ட்டுங்க. வெளிச்சம் மறைக்காது."

"அப்ப பதினோரு குடும்பமும் போறப்ப வர்றப்ப என் அடுப்புல என்ன இருக்குன்னு பாத்துட்டுப் போகும்."

"பூண்டை வேற இடத்துல வெச்சுக்கலாமேக்கா."

"நீங்க வேற இடத்துல குடியிருக்கலாமே."

கெங் நாலு மாதம் தெருக் கமிட்டியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். கடைசியில் கமிட்டிச் செயலாளர், அனுமதிக்கு இப்போதே மனுக் கொடுத்து வையுங்கள், மேலிடத்து முத்திரையோடு போனால் பாங் அக்கா இறங்கிவருவாள் என்றார். கெங் மனுக் கொடுத்தார். பத்தாம் நாள் அனுமதி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு தாளைத் தள்ளினாள். "முடியாதுங்க. இது பயிர் நிலம். சிவப்புக் கோட்டுக்குள்ள இருக்கு. இதுல ஒரு செங்கல்லு வெச்சாலும் சேட்டிலைட் புடிச்சிரும்."

"இது குடியிருப்புங்க. நான் அங்கதான் இருக்கேன்."

"வயல்லயா?"

"கட்டடத்துல. ஏழாம் எண் கட்டடம்."

"படத்துல கட்டடமே இல்லியே."

"படம் தப்பு."

"அதை என்கிட்ட சொன்னா? படம் போட்டவரைப் போய்க் கேளுங்க. இதோ பாருங்க, அடியில பேரு இருக்கு. தயாரிச்சவரும் இவர்தான், நேர்ல பாத்து சரிபாத்தேன்னு கையெழுத்துப் போட்டவரும் இவர்தான். இவரைப் புடிங்க. இவன்தான் உங்க ஆளு."

தாளின் அடியில் கெங் பாவ்லின் என்று இருந்தது. கெங் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அந்த ஆளைக் கட்டாயம் பிடிப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

நடந்தது என்னவென்று அவருக்குப் பேருந்திலேயே புரிந்துவிட்டது. திட்டத்துக்கு அடிப்படையான படம் ஏப்ரல் மாதச் சேட்டிலைட் படத்திலிருந்து எடுத்தது. ஏப்ரலில் ரயில் தடமும் மொட்டை மாடிகளும் பச்சைப் பசேலென்று, வரிசை வரிசையாக இருக்கும். கட்டத்தில் பாதிக்கு மேல் எது இருக்கிறதோ அதையே முழுக் கட்டத்துக்கும் பெயராக எழுதுவது கம்ப்யூட்டரின் முறை. அது "பயிர்" என்று எழுதியது. சந்தேகமான கட்டங்களை ஆள் நேரில் போய்ப் பார்த்துத் திருத்த வேண்டும். கெங் நாற்பது டிகிரி வெயிலில் நானூறு கட்டங்களுக்கு நடந்தே போனார், ஒவ்வொன்றிலும் நின்று படமெடுத்தார். தன் வீட்டுக் கட்டம் வந்தபோது மட்டும் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே "பார்த்தேன், சரி" என்று குறித்துவிட்டார். தினமும் பார்க்கிற இடத்தைப் போய்ப் பார்ப்பானேன். படம் மாகாணத்துக்குப் போனது, சிவப்புக் கோடு விழுந்தது, முத்திரை விழுந்தது.

சியூபிங் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிட்டால் சாப்பாடு தாமதமாகும் என்று அர்த்தம்.

"கெங் பாவ்லின். முப்பது வருஷமா நான் வயல்லயா குடும்பம் நடத்திட்டு இருக்கேன்?"

"படத்துல மட்டுந்தான்."

"நேர்ல பாத்தேன்னு எழுதியிருக்கே. எப்ப பாத்த?"

"தினமும் பாக்கறேன்ல."

"என்னையுந்தான் தினமும் பாக்கறே."

சேதி குடியிருப்பின் வீசாட் அரட்டைக் குழுவுக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை. சாயங்காலமே பாங் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு மரியாதையை கெங் அதுவரை பார்த்ததில்லை.

"கெங் எஞ்சினியர், உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். பூண்டுக்கு அரசாங்கப் பாதுகாப்பே வாங்கிக் குடுத்துட்டீங்களே. இனி மாவட்டத் தலைவரே வந்தாலும் புடுங்க முடியாதாமே." ஒரு கட்டு வெங்காயத்தாளையும் கையில் திணித்தாள்.

மறுநாள் கெங் இயக்குநர் யின் முன்னால் நின்றார். யின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"திருத்தலாம். திருத்தினா மாவட்டத்துல பயிர் நிலம் ஒரு ஹெக்டேர் குறையும். குறையக் கூடாது. ஒண்ணைக் கழிச்சா வேற எங்கயாவது ஒண்ணைச் சேக்கணும். எங்க சேப்ப?"

"கம்ப்யூட்டரைக் கேக்கறேன்."

"கேளு. அதுவும் வேலை பாத்து ரொம்ப நாளாச்சு."

கெங் ஏழாம் எண் கட்டடத்தை மறுபடி கட்டடமாக்கி, ஒரு ஹெக்டேர் பயிர் நிலத்தை எங்கே வைத்தால் கார்பன் மிகக் குறையும் என்று கேட்டுவிட்டு, விசைப்பலகைமேல் "தொடாதே" என்று எழுதிய தாளை வைத்தார். வழக்கமாக ஆறு மணி நேரம் எடுப்பது நாலு நிமிடத்தில் முடிந்தது. விடை இல்லை. திறந்திருந்த கட்டங்களில் பாதி சரிவான குன்று, மீதி குளம். மற்றதெல்லாம் பூட்டு.

இரண்டு நாள் உட்கார்ந்து பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொரு பூட்டுக்கும் பின்னால் ஒரு கடிதம் இருந்தது, கடிதத்தில் முத்திரை இருந்தது. சாராய ஆலைக்கு மூன்று முத்திரை. எதிலும் கைவைக்க முடியாது. இரண்டாம் நாள் மதியம், பின்னால் கடிதமே இல்லாத ஒரு பூட்டு அகப்பட்டது. மாவட்ட அரசு அலுவலகத்துக்கு முன்னால் இருக்கும் புல்வெளி. சரியாக ஒரு ஹெக்டேர். தினமும் தண்ணீர், வாரம் ஒருமுறை டீசல் இயந்திரத்தால் வெட்டு, மனிதர் மிதித்தால் விசில். இதைத் தொட வேண்டாம் என்று யாரும் எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அந்தப் பூட்டைக் கெங் தானாகவே, முதல் நாளே, பயத்தில் போட்டிருந்தார்.

ஒரு சிகரெட் முழுதும் எரிகிற நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூட்டை எடுத்துவிட்டு, விசையைத் தட்டினார். முப்பதாவது தலைமுறையிலேயே எல்லாத் திட்டங்களும் புல்வெளியில் பயிர் வைத்துவிட்டன. ஐந்நூறாவது தலைமுறை வரை ஒன்றுகூட மனம் மாறவில்லை.

யின் படத்தைப் பார்த்தார். "லாவ் கெங், உனக்கு ஓய்வுக்கு ரெண்டு வருஷந்தான். எனக்குப் பதினேழு வருஷம் இருக்கு."

"நானா சொல்றேன்? கம்ப்யூட்டர் சொல்லுது."

"அது இங்க சம்பளம் வாங்கலியே."

"அதனாலதான் சொல்லுது."

என்ன காரணத்தாலோ யின் படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த வாரக் கூட்டத்தில், அறுபது பக்க விளக்கத்தின் ஐம்பத்தேழாம் பக்கமாக, எல்லோருக்கும் தூக்கம் வருகிற நேரத்தில் அதைக் காட்டினார். மாவட்டத் தலைவர் தூங்கவில்லை.

"இது நம்ம வாசல் இல்ல?"

"ஆமாங்க," என்றார் யின்.

"யாரோட யோசனை?"

யின் கெங்கைப் பார்த்தார். கெங் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அல்காரிதத்தோடதுங்க. ஒரு லட்சம் திட்டத்தை அலசிட்டு இதைச் சொல்லுது," என்றார் கெங்.

மாவட்டத் தலைவர் தேநீர்க் குவளையின் மூடியைத் திருகித் திறந்து, மறுபடி மூடினார். அறையில் முப்பது பேர் அந்த மூடியையே பார்த்தார்கள். "பக்கத்து மாவட்டத்துக்காரன் இரும்புல மரம் செஞ்சு, இலைக்குப் பதிலா சோலார் தகடு ஒட்டியிருக்கான். மாகாணத்துலேர்ந்து வந்து கைதட்டிட்டுப் போனாங்க. நாம வாசல்லயே வயல் வெச்சா அவன் மூஞ்சி எப்படி இருக்கும்?"

முப்பது பேரும் தங்களுக்கு ஆரம்பத்திலேயே அப்படித்தான் தோன்றியது என்று தலையாட்டினார்கள். "குறைந்த கார்பன் முன்மாதிரி வயல்" என்று அங்கேயே பெயர் வைக்கப்பட்டது.

ஆக, பதினெட்டாயிரம் கட்டங்களில், ஒன்பது மாத ஆராய்ச்சிக்குப் பிறகு, நிஜமாக மாறியவை இரண்டு. அறிக்கை முந்நூறு பக்கம் வந்தது.

ஒரு நிபந்தனை இருந்தது. டிசம்பரில் மாகாணச் சேட்டிலைட் பார்க்கும்போது புது வயலில் பயிர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மாற்றம் செல்லாது, ஏழாம் எண் கட்டடம் மறுபடி வயலாகிவிடும். பூங்காத் துறை புல்லை உரித்துக் கடுகு விதைத்தது. கயிறு பிடித்து, மட்டம் பார்த்து, அணிவகுப்பு மாதிரி விதைத்தார்கள். முளையும் நன்றாகத்தான் வந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை வெட்டுகிற நாள். இயந்திரம் ஓட்டுகிறவர் பதினோரு வருடமாகச் செவ்வாய்தோறும் அந்த ஹெக்டேரை வெட்டிவந்தவர். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பத்து மணிக்குள் கடுகு முழுவதையும் இரண்டு அங்குல உயரத்துக்குச் சீராக வெட்டிவிட்டு, ஓரங்களைக் கத்தரிக்கோலால் நேர்த்தி செய்துகொண்டிருந்தார்.

அக்டோபர் பாதி போய்விட்டது. கெங் நேராகப் பாங் அக்கா வீட்டுக்குப் போனார்.

"மறுபடியும் கையெழுத்தா?" என்றாள்.

"இல்லைங்கக்கா. ஒரு ஹெக்டேர் நிலம்."

அவள் கதவை முழுக்கத் திறந்தாள். "எங்க?"

"மாவட்ட அலுவலக வாசல்."

"அங்க கால் வெச்சாலே காவக்காரன் விசில் ஊதுவானே."

"இனிமே நீங்க ஊதலாம்."

"வெளையாடறீங்களா, எஞ்சினியர்?"

"டிசம்பருக்குள்ள பச்சையா இருக்கணும். பூங்காக்காரங்களுக்குப் புல்லைத் தவிர ஒண்ணும் வராது. இந்த மாவட்டத்துலயே அதைச் செய்யத் தெரிஞ்சவங்க இந்தக் குடியிருப்புலதான் இருக்காங்க."

முகஸ்துதியை அவள் கவனிக்கவில்லை. மனதுக்குள் ஏற்கெனவே பாத்தி பிரித்துக்கொண்டிருந்தாள். "இனிமே கடுகு வராது, பருவம் போயிருச்சு. பூண்டு வரும், பட்டாணி வரும், பசலை வரும். என் ஆளுங்க பத்துப் பேர் வருவாங்க. எரு என்னோடது."

"அவங்க உரம் குடுப்பாங்களேக்கா, மூட்டையில."

"மூட்டை உரத்தை அவங்களே தின்னட்டும். ஆறு மாசம் ஊறின எரு, பதினாலு பீப்பாய் இருக்கு. காத்து அங்க எந்தப் பக்கம் அடிக்கும்?"

காற்றின் திசை கம்ப்யூட்டரில் இருந்தது. "அலுவலகத்தைப் பாத்துத்தான் அடிக்கும்."

"அந்த லிஃப்ட் காகிதத்தைக் குடுங்க," என்றாள் பாங் அக்கா.

நவம்பர் முழுக்க மாவட்ட அலுவலகத்தின் தெற்குச் சன்னல்கள் மூடியே இருந்தன. பார்வையிட வந்த மாகாணக் குழு இதை, ஹீட்டர் போடாமலே சன்னலடைத்து வெப்பம் காக்கும் முன்மாதிரிப் பழக்கம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது. டிசம்பரில் சேட்டிலைட் பார்த்தது. வயல் பச்சையாக இருந்தது. ஏழாம் எண் கட்டடம் மனிதர் வாழும் இடம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

மே மாதம் லிஃப்ட் வந்தது. கண்ணாடி லிஃப்ட். சியூபிங் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கைத்தடியோடு கதவைத் திறந்து, தளத்தில் நின்று தேடினாள்.

"எங்க?"

"கொஞ்சம் கீழ," என்றார் கெங்.

பழைய கட்டடங்களில் படிக்கட்டு வெளிச்சுவரை ஒட்டுவது, இரண்டு மாடிகளுக்கு நடுவே அது திரும்பும் வளைவில்தான். லிஃப்டும் அங்கேதான் நிற்கும், எந்த மாடிக்கும் நேராக நிற்காது. மாவட்டம் முழுக்க எல்லாப் பழைய கட்டடங்களிலும் அப்படித்தான். கெங்குக்கு அது முதலிலேயே தெரியும். சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

சியூபிங் கைத்தடியால் எண்ணினாள். "ஒம்பது."

"தொண்ணூத்து நாலுல ஒம்பது. தொண்ணூறு சதவீதம் குறைப்பு. மாகாணத்து இலக்கே இருபதுதான்."

"இந்த ஒம்பதை உன் கம்ப்யூட்டர் கண்டுபுடிக்கலியா?"

"கேக்கலியே."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் முப்பது வருடக் குடும்பம் இருந்தது. பிறகு கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, ஒன்பது படியும் இறங்கினாள். கதவு மூடியது. கண்ணாடிக்குள் அவள் தலை கீழே கீழே போவதைக் கெங் வளைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேலே பார்க்கவில்லை.

மணி ஒன்பது அப்போது. பன்னிரண்டுக்கு வரவில்லை. ஒன்றரைக்குக் கெங் போன் செய்தார். பின்னணியில் மாஜாங் காய்கள் மேசையில் கலையும் சத்தம் மழை மாதிரி கேட்டது.

"சாப்பாட்டுக்கு வரலியா?"

"நாற்காலி கெடச்சிருக்கு. எழுந்தா மூணாவது மாடிக்காரி உக்காந்துருவா. ஃப்ரிட்ஜுல நேத்து நூடுல்ஸ் இருக்கு, எள்ளு விழுது மேல் தட்டுல. சூடு பண்ணிக்கோ."

"எப்ப வருவே?"

"தெரியல. வெச்சுடு, என் முறை."

கெங் நூடுல்ஸைச் சூடு பண்ணாமலே தின்றார். எள்ளு விழுது மேல் தட்டில் இல்லை.